பாராட்டை நம்பிப் பணம் போடலாமா? சிறுதொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் கல்லடியில் ஒருவர் நீரிழிவு உள்ளவர்களுக்காகச் சீனி சேர்க்காத குரக்கன் (கேழ்வரகு) பிஸ்கட் செய்து விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 50,000 ரூபாய். பெரும்பாலும் அவர் முதலில் கொஞ்சம் சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார். "கடைக்கு வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்பார். எல்லோரும் வாங்குவோம் என்பார்கள். அதை நம்பிப் பெரிய போறணைக்குக் கடன் எடுப்பார். எத்தனையோ நல்ல முயற்சிகள் இந்த இடத்தில்தான் முடங்கிப்போகின்றன.

பண்டம் கொண்டுவந்து கொடுத்தவரின் முகத்துக்கு நேரே "வாங்க மாட்டேன்" என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அந்த மரியாதையைத் தேவை என்று கணக்கில் எழுதிவிடுவதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. இனி என்ன செய்வீர்கள் என்று கேட்காமல், இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நீரிழிவு உள்ள அந்த வீட்டில் நேற்று மாலைத் தேநீருடன் என்ன சாப்பிட்டார்கள்? எங்கே வாங்கினார்கள், என்ன விலைக்கு? சீனி இல்லாத பண்டம் தேடிக் கடைசியாக எப்போது கடை ஏறி இறங்கினார்கள்? ஒருமுறைகூடத் தேடாதவர், உங்கள் பிஸ்கட் எவ்வளவு சுவையாக இருந்தாலும், வாராவாரம் வாங்குவது அரிது.

அடுத்து, சிறு முற்பணம் கேளுங்கள். "வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், இன்றைக்கு 100 ரூபாய் தந்து வையுங்கள்" என்றால் பேச்சு மாறும். பத்துப் பேர் புகழ்ந்து இரண்டு பேர் பணம் கொடுத்தால், உங்களிடம் உள்ள எண் இரண்டுதான். அந்த இருவரில் ஒருவர் சித்தி என்றால் அவரையும் கழித்துவிடுங்கள்.

கடைக்காரரின் சம்மதமும் இப்படித்தான் ஏமாற்றும். "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு தருகிறேன்" என்பவருக்கு இழப்பு எதுவுமில்லை. பழுதாகும் பொதி உங்களுடையது. காசு கொடுத்து எடுத்தாரா, தீர்ந்ததும் அவராகவே அழைத்து மீண்டும் கேட்டாரா என்பதைப் பாருங்கள். இரண்டாவது அழைப்புக்குத்தான் மதிப்பு.

காலத்தைக் கவனிக்காமல் சோதிப்பவர்களும் உண்டு. பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காசு புழங்கும். மழையும் வெள்ளமும் வரும் நவம்பர், டிசம்பரில் நாட்கூலி வீடுகளில் கை இறுகும். அறுகம்குடாவின் அலைச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய மே முதல் ஒக்டோபர் வரைதான். ஆகஸ்டில் அதையொட்டிய பொத்துவிலில் விற்ற தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி வருட வாடகைக்குக் கடை எடுப்பது ஆபத்து. காத்தான்குடியிலோ கல்முனையிலோ ரமழான் நோன்புக் காலத்தில் சோதித்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்கிறது. போன வருடத்துக் கணக்கை அதே திகதிகளில் தேடினால் பிழையாகிவிடும்.

முகநூலில் விழும் விருப்பக்குறிகள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் உறவுகள் ஊர் நினைவில் மனம் நிறைந்து பாராட்டுவார்கள். பிஸ்கட் அவர்கள் கைக்குப் போகாது. ஆனால் ஊரில் இருக்கும் தாய்க்காக அவர்கள் மாதாமாதம் பணம் கட்டுவார்களா? அது வேறொரு சந்தை, தனியே சோதித்துப் பார்க்கத் தகுந்தது. விளம்பரத்துக்குக் காசு போட்டால், நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய ஊர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். விருப்பக்குறியை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்களையும் வாங்கியவர்களையும் எண்ணுங்கள். கூகுளில் ஒரு சொல்லைத் தேடும் போக்கைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் வரும் 100 என்ற எண், தேடியவர்களின் தொகை அல்ல. எடுத்துக்கொண்ட காலத்தில் அந்தச் சொல்லின் உச்சம், அவ்வளவே. சிறிய ஊர்களுக்கு அதில் தரவே வராமலும் போகலாம். அதனால் தேவை இல்லை என்று ஆகிவிடாது.

2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். "நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே ஐயாயிரம் பேர்" என்ற கணக்கு எந்தப் பொதியையும் விற்றுத் தராது. எத்தனை கடை, கடைக்கு வாரம் எத்தனை பொதி என்று கீழிருந்து கூட்டுங்கள். "இங்கே யாரும் செய்யவில்லை" என்று மகிழும் முன், செய்து நிறுத்தியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருடன் ஒரு மணிநேரம் பேசுவதற்குச் செலவு எதுவுமில்லை.

விலையிலும் கவனம் தேவை. அடக்கவிலை 220 ரூபாய் ஆகும் பொதியை அறிமுகம் என்று 150க்கு விற்றால், மலிவான பண்டத்துக்கு ஆள் உண்டு என்பது மட்டுமே தெரியவரும். எரிவாயு, பொதியுறை, உங்கள் கூலி எல்லாம் சேர்த்த விலையிலேயே சோதியுங்கள்.

நுண்கடனுக்கு வாரத் தவணை கட்டித் தவிக்கும் பெண்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்! முதல் பொதி விற்கும் முன்பே முதல் தவணை வந்து நிற்கும். ஆகவே 50,000இல் 10,000 மட்டும் சோதனைக்கு என்று ஒதுக்கி, வீட்டு அடுப்பிலேயே சுட்டுப் பாருங்கள். எட்டு வாரங்களுக்குள் எத்தனை பேர் மறுபடி வாங்கினால் தொடர்வது என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். அந்த எண் வராவிட்டால் மிச்சம் 40,000 கையில் இருக்கும். பிஸ்கட்டை விட்டு வறுத்த குரக்கன் மாவை அதே வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம்.