ஹார்டுவேர் வாலட்: சொற்களைக் காப்பதும் திரையைப் படிப்பதும்

2024 ஜூலையில் கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவுபோன பிறகு, தம் கையிருப்பை எக்ஸ்சேஞ்சில் விட்டுவைப்பதா, கையிலேயே வைத்துக்கொள்ளும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட்டுக்கு மாற்றிக்கொள்வதா என்ற கேள்வி முதலீட்டாளர்கள் பலருக்கும் எழுந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அப்படி மாறியவர்களுக்கும் மாற எண்ணுபவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படும்.

முதலில் கருவியின் வேலையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாலட்டுக்குள் நாணயம் எதுவும் இல்லை. பிட்காயினும் ஈதரும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் பதிவாகவே இருக்கின்றன. அந்தப் பதிவை மாற்றுவதற்குக் கையெழுத்திடும் தனிச்சாவி மட்டுமே கருவிக்குள் இருக்கிறது. கணினி ஒரு பரிவர்த்தனையைத் தயாரித்து அனுப்ப, கருவி தனக்குள்ளேயே கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்தை மட்டும் திருப்பித் தருவதால், கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவி அதன் கைக்குப் போவதில்லை. இந்தச் சாவிகள் அனைத்தும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு வரிசையிலிருந்து பிறக்கின்றன. பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றும் பிஐபி-39 முறையில் அச்சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட பொதுப்பட்டியல் ஒன்றிலிருந்து எடுக்கப்படுகின்றன. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் வேறொரு கருவியில் அந்த வரிசையை உள்ளிட்டால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அதே காரணத்தால், சொற்களை அறிந்தவருக்கு உங்கள் கருவியும் தேவையில்லை, பின் எண்ணும் தேவையில்லை. ஆகவே மோசடிக்காரர்கள் பெரும்பாலும் கருவியை உடைக்க முயல்வதில்லை; சொற்களை உங்களிடமே கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள், அல்லது தவறான பரிவர்த்தனை ஒன்றுக்கு உங்களையே சம்மதிக்க வைக்கிறார்கள்.

கருவியைத் தயாரிப்பாளரின் தளத்திலோ, அந்தத் தளமே பெயர் குறிப்பிடும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகப் பழைய கருவியை வாங்க வேண்டாம். பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டை இருந்தால், அந்த வாலட் வேறொருவருடையது. அதில் ஒரு ரூபாயும் போடக் கூடாது. சொற்கள் உங்கள் கண்முன்னே, கருவியின் திரையில்தான் புதிதாகத் தோன்ற வேண்டும். பின் எண்ணையும் கருவியிலேயே அமையுங்கள். லெட்ஜர் நிறுவனத்தின் கருவியில் மூன்று முறை தவறாக அழுத்தினால் அதில் உள்ள சாவிகள் தானே அழிந்துவிடும். சொற்கள் பத்திரமாக இருந்தால் அதனால் நட்டமில்லை.

சொற்களை எழுதிவைக்கும் இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கைபேசியில் படம் எடுத்தால் அது உங்களைக் கேட்காமலே கிளவுடுக்குப் போய்விடக்கூடும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும், மின்னஞ்சல் வரைவில் வைப்பதும், ஜெராக்ஸ் எடுப்பதும் அதே அளவு ஆபத்தானவை. காகிதத்தில் பேனாவால் எழுதுவது சரியான தொடக்கமே என்றாலும், கரையானும் மழை ஈரமும் தீயும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. ஆகவே உலோகத் தகட்டில் பதித்து வைப்பது நல்லது. கோவைப் பக்கத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், தெரிந்த பட்டறையில் கொடுத்து லேசரில் பொறித்து வாங்கிவிடலாம் என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். பட்டறைக்காரர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், உங்கள் சொற்கள் அவருடைய கணினியில் ஒரு கோப்பாகத் தங்கிவிடும். பட்டறைச் சாமான் விற்கும் கடையில் ஒரு எழுத்து பஞ்ச் செட்டும் எஸ்.எஸ். 304 தகடு ஒன்றும் வாங்கி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சுத்தியலால் நீங்களே அடிக்கலாம். பிஐபி-39 பட்டியலில் ஒவ்வொரு சொல்லையும் முதல் நான்கு எழுத்துகளே தனித்து அடையாளம் காட்டிவிடும் என்பதால், 24 சொற்களுக்கு அதிகபட்சம் 96 எழுத்துகள் அடித்தால் போதும். ஆனால் சொற்களின் வரிசை எண்ணை விட்டுவிடக் கூடாது. இந்த வகை எஃகு ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியசில்தான் உருகும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும்.

பெரிய தொகையை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். சிறு தொகையை அனுப்பி, கருவியில் உள்ளதை முழுவதுமாக அழித்து, தகட்டில் உள்ள சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும். ஒரு சொல் தவறாகப் பதிந்திருந்தால் அது இப்போதே தெரிந்துவிடும். மீட்கும்போது சொற்களைக் கருவியின் மீதே உள்ளிட வேண்டும். ட்ரெசர் என்ற மற்றொரு நிறுவனக் கருவியின் முதல் மாடலில் வரிசை கலைத்துக் கணினியில் தட்டச்சு செய்யும் முறையும் உண்டு. புதிதாக வாங்குவோர் கருவியிலேயே உள்ளிடும் மாடலை எடுப்பது மேல். சொற்களோடு கூடுதலாகப் பாஸ்ஃபிரேஸ் என்ற ரகசியச் சொற்றொடர் வைக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மறந்துபோனால் சொற்கள் இருந்தும் பயனில்லை. தகடு எங்கே இருக்கிறது என்பதும், அதை யாரிடமும் காட்டக் கூடாது என்பதும் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஃபிஷிங், அதாவது நம்பகமானவர் போல் நடித்து ரகசியத்தைப் பறிக்கும் மோசடி, எந்த வடிவத்தில் வரும் என்பதை லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நடந்தது நன்றாகக் காட்டுகிறது. 2020-இல் அதன் விற்பனைத் தரவுத்தளம் கசிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 10 லட்சம் மின்னஞ்சல் முகவரிகளும், ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண்களும் இணையத்தில் வெளியாயின. சாவிகள் எதுவும் கசியவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் கையில் கிடைத்தவர்கள் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். 2021-இல் சிலருடைய வீட்டுக்கு, பழைய கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லும் கடிதத்தோடு போலிக் கருவியே தபாலில் வந்தது. 2025-இல் க்யூஆர் குறியீடு அச்சிட்ட கடிதங்கள் வந்தன. பெயரும் முகவரியும் சரியாக இருப்பதாலேயே ஒரு கடிதம் உண்மையானதாகிவிடாது. ஆர்டர் செய்வதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வதும், முடிந்தால் வீட்டு முகவரியைத் தவிர்ப்பதும் நல்லது.

மென்பொருள் வழியாகவும் வலை விரிக்கப்படுகிறது. 2023 நவம்பரில் லெட்ஜரின் செயலியான லெட்ஜர் லைவ் பெயரில் ஒரு போலிச் செயலி மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே இடம்பெற்றுப் பலருடைய பிட்காயினைக் கொண்டுபோனது. கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தை அழுத்திச் செயலியை இறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் தள முகவரியை ஒரு முறை சரிபார்த்துப் புக்மார்க் செய்து, எப்போதும் அதன் வழியாகவே செல்லுங்கள். கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் மேம்படுத்தலும் தயாரிப்பாளரின் செயலிக்குள்தான் நடக்க வேண்டும். உதவி மையம், வரித்துறை, காவல்துறை, டெலிகிராம் குழுவின் அட்மின் என யார் பெயரில் கேட்டாலும், எந்த இணையப் பக்கம் கேட்டாலும், சொற்களைத் தரக் கூடாது. வருமான வரிக்கு உங்கள் பரிவர்த்தனைக் கணக்குத்தான் தேவை, சொற்கள் அல்ல. அவசரப்படுத்தும் குரல் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பிளாக்செயினில் இருக்கும் உங்கள் கிரிப்டோ அரை மணி நேரத்தில் காலாவதியாகிவிடாது.

சொற்களைக் காத்தவர்களும் ஒப்புதல் பொத்தானை அழுத்தி இழந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது இப்படித்தான்: கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றமாகத் தெரிந்ததை நம்பி அதிகாரிகள் ஹார்டுவேர் வாலட்டில் கையெழுத்திட்டார்கள், உண்மையில் அவர்கள் ஒப்புக்கொண்டது வேறொன்று. கணினித் திரை பொய் சொல்லக்கூடும் என்ற எண்ணத்திலேயே கருவிக்குத் தனித் திரை வைத்திருக்கிறார்கள். அனுப்பும்போது பெறுநர் முகவரி, தொகை, கட்டணம் மூன்றையும் கருவியின் திரையில் படியுங்கள். பெறும்போதும் உங்கள் முகவரியைக் கருவியில் காட்டச் செய்து ஒப்பிடுங்கள். நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ்கள் உள்ளன. உங்களுக்குப் பழக்கமான முகவரியைப் போலவே முதல் நான்கும் கடைசி நான்கும் அமைந்த முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, உங்கள் வரலாற்றுப் பட்டியலில் நுழைந்துகொள்பவர்களும் உண்டு. ஆகவே பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுக்காதீர்கள்; நடு எழுத்துகளையும் படியுங்கள்.

ஈதர் இயங்கும் பிளாக்செயினான எத்தீரியத்தில் இலவச டோக்கன் (அதில் வெளியிடப்படும் பிற நாணயம்) தருவதாகச் சொல்லும் தளங்கள் வாலட்டை இணைக்கச் சொல்லி, உங்கள் டோக்கன்களை வரம்பின்றி எடுக்கும் அனுமதியை வாங்கிக்கொள்வதுண்டு. விவரம் காட்டாமல் கையெழுத்திடும் பிளைண்ட் சைனிங் அமைப்பைத் தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். இத்தகைய தளங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தால் சிறு தொகை மட்டும் கொண்ட தனி வாலட்டைப் பயன்படுத்துங்கள். சேமிப்பு வாலட்டை எங்கும் இணைக்காதீர்கள்.

2012-இல் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, பெருந்துறையில் பணம் கட்டியவர்களுக்கு முடக்கச் சொத்தும், வழக்கை நடத்தக் கோவையில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் (டான்பிட்) கீழான நீதிமன்றமும் இருந்தன. பிளாக்செயினில் உறுதியான பரிவர்த்தனையைத் திருப்ப எந்த அலுவலகமும் இல்லை. இழந்ததை மீட்டுத் தருவதாக முன்பணம் கேட்பவர்கள் இரண்டாம் முறை ஏமாற்ற வருபவர்களே.

சொற்கள் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால், பின் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. கருவியில் புதிய சொற்களை உருவாக்கி, அல்லது வேறு கருவியில் புதிய வாலட் திறந்து, பெரிய தொகையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் உடனே மாற்றுங்கள். பழைய கருவியில் உள்ளதை அழிக்க நேர்ந்தால் முதலில் பழைய சொற்கள் கையில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். களவு நடந்துவிட்டிருந்தால் 1930 எண்ணில் உடனே புகார் தந்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவுசெய்து, பரிவர்த்தனை ஹாஷ் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு), திருடியவரின் வாலட் முகவரி, வந்த செய்திகள் ஆகியவற்றோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தை அணுகுங்கள். பணம் ஏதேனும் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்திருந்தால் கணக்கை முடக்கக் காவல்துறை கோர முடியும். பிறகு எக்ஸ்சேஞ்சில் சேமித்து வைத்திருக்கும் பழைய வாலட் முகவரியையும் நீக்கிவிடுங்கள். இல்லையெனில் அடுத்த முறை பழக்கத்தில் அங்கேயே அனுப்பிவிட நேரும்.