தோலில் பெயர் பொறிக்கும் முன் கேட்க வேண்டியவை

வேலூரில் கைவினைப் பரிசு செய்து விற்பவரைத் தேடி வருகிற கூட்டம் பல தேசத்துக் கூட்டம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள், சிகிச்சை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தங்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார்கள். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்கள் பேராசிரியர்களுக்கும் வெளிநாட்டு நண்பர்களுக்கும் பிரிவு நாளில் பரிசு தேடுகிறார்கள். கொடுப்பதற்கு மூலப்பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காட்டில் திரும்பிய பக்கமெல்லாம் தோல்தான். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தோல் தொழில் மட்டும் பிரியாமல் மூன்றிலும் கிடக்கிறது.

அதனால் இப்போது நிறைய இளைஞர்கள் குத்தூசியும் மெழுகு நூலும் வாங்கிக்கொண்டு பர்ஸ், டைரி உறை, சாவிக்கொத்து, பைபிள் உறை என்று பெயர் பொறித்துச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தையல் கோணலாவது, பசை கசிவது, ஓரம் பிசிறுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை கை பழகினால் தானே சரியாகும். கை எவ்வளவு பழகினாலும் சரியாகாத தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தத் தோல், யாருக்கு என்று கேட்காமல் வெட்டுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. இன்றும் இதைக் கேள்விப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெறப்போகிற ஓர் ஆசிரியருக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து டைரி உறை ஒன்று செய்யச் சொன்னார்கள். செய்தது என்னிடம் சில காலம் தொழில் பழகிய ஒரு பெண். நல்ல கைகாரி. பட்டையில் பதனிட்ட கனமான மாட்டுத் தோல், இரட்டை ஊசித் தையல், மூலையில் அவர் பெயர். விழாவில் அவர் கைகூப்பி வணங்கினார். உறையைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார். விழா முடிந்தபோது மாலையும் சால்வையும் வீட்டுக்குப் போயின, உறை மேசையிலேயே இருந்தது. அவர் சமணக் குடும்பத்தவர். கூடியவரை தோலைத் தொடாமலேயே வாழ்ந்தவர். அத்தனை ஆண்டுகள் அவரிடம் படித்தவர்களில் ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை. செய்த பெண்ணோ தன் தையல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மனம் வெம்பிப் போனாள். தையலில் ஒரு குறையும் இல்லை. ஆர்டர் எடுத்த அன்று கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெயர் பொறித்துவிட்ட பொருளை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. தோல் போயிற்று, உழைப்பு போயிற்று, அந்தப் பெரியவருக்கும் ஒரு சங்கடம்.

நம் ஊர் வீடுகளில் செருப்பும் பெல்ட்டும் சாதாரணம் என்பதால், தோல் எல்லோருக்கும் சாதாரணம் என்று நினைத்துவிடுகிறோம். மாட்டுத் தோல் என்றால் தொடத் தயங்கும் வீடுகள் உண்டு. பன்றித் தோல் எந்த மடிப்புக்குள் இருந்தாலும் முஸ்லிம் வீட்டுக்குள் போகக் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பலர் விரதம் முடியும் வரை தோலைத் தள்ளி வைத்திருப்பார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஆர்டர் எடுப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். மற்ற மாதங்களில் ஆசையாக வாங்கிக்கொள்கிற அதே மனிதர் அந்த நாற்பது சொச்ச நாட்களில் தொட மாட்டார்.

இதில் இன்னொரு சிக்கல், செய்கிறவருக்கே தன் கையில் இருப்பது எந்தத் தோல் என்று தெரியாமல் இருப்பது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் துண்டுத் தோலை மூட்டையாகக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். அந்த மூட்டையில் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி எல்லாம் கலந்திருக்கும். ஷூவின் உள்பக்கத்துக்கு வாங்கிய லைனிங் தோலின் மிச்சமும் வரலாம். உலகச் சந்தையில் அந்த லைனிங்குக்குப் பன்றித் தோலும் புழங்குகிறது. விற்கிறவரைக் கேட்டால், ‘நல்ல தோல்தாங்க’ என்பார். அது பதிலாகாது. மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பன்றித் தோலில் மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து தெரியும். பன்றித் தோல் மெல்லியதானால் அந்தத் துளைகள் பின்பக்கமும் தெரியும். எருமைத் தோலின் மேற்பரப்பு முரடாகச் சொரசொரப்பாக இருக்கும். செம்மறித் தோல் மெத்தென்று தளர்ந்திருக்கும். மேலே சாயப் பூச்சு கனமாக இருந்தால் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட துண்டைப் பரிசுக்கு எடுக்கவே வேண்டாம். பரிசு வேலைக்கு மட்டுமாவது, இன்ன தோல் என்று சொல்லிக் கொடுக்கிறவரிடம் முழுத் தோலாக, சதுர அடிக் கணக்கில் வாங்குங்கள். விலை கூடும். கூடட்டும்.

எனக்கு உண்மையாகவே பொறுக்க முடியாதது வேறொன்று. ஒருவர் இது தோலா என்று கேட்டபோது, ‘ரெக்சின் என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது’ என்று ஒரு பையனுக்குத் தொழிலில் மூத்த ஒருவர் யோசனை சொன்னதைக் காதால் கேட்டேன். தொடக் கூடாது என்று ஒருவர் வைத்திருக்கும் ஒன்றை, ஏமாற்றி அவர் கையில் கொடுப்பதற்குப் பெயர் பரிசு கிடையாது. அதேபோல, ‘வெஜிடபிள் டேன்ட்’ என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, தாவரத்திலிருந்து செய்த பொருள் என்று நம்பி வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட விலங்குத் தோல் அது என்று வாயால் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு வைக்கிறேன்: எந்த விலங்கின் தோல், எதில் பதனிட்டது, நூல் என்ன, உள்துணி என்ன. அதைப் படித்துவிட்டு ஆர்டரைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? ‘அவருக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டால் ‘எதுவானாலும் பிடிக்கும்’ என்றுதான் பதில் வரும். அவர் இடுப்பில் என்ன பெல்ட் கட்டுகிறார், கைக்கடிகார வார் எதில் செய்தது, இந்தப் பொருளை வீட்டில் எங்கே வைப்பார், பூஜை அறைக்குள் போகுமா, வீட்டில் வேறு யார் இதை எடுத்துக் கையாள்வார்கள் என்று கேளுங்கள். ஆர்டர் கொடுப்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் விசாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் வாங்காதீர்கள். தோல் வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் குடியாத்தம் கைத்தறித் துணியோ கெட்டியான கித்தானோ போதும். அதே இரட்டை ஊசித் தையலை அதிலும் போடலாம். ஆரணிப் பட்டுக்குத் தாவிவிடாதீர்கள். பட்டுப்புழுவை நினைத்துப் பட்டையும் தவிர்க்கிற சமணர்கள் இருக்கிறார்கள்.

சாமி படம், இறைவன் பெயர்

பர்ஸில் ஓம் பொறித்துத் தரச் சொல்வார்கள். பிறை பொறிக்கச் சொல்வார்கள். அன்பினால் கேட்பதுதான். ஆனால் அந்தப் பர்ஸ் பின்பாக்கெட்டில் கிடக்கும், அதன்மேல் உட்காருவார்கள், கழிப்பறைக்குள்ளும் போகும். பெறுகிறவர் பக்தி மிகுந்தவராக இருந்தால், ஒன்று அதைப் பயன்படுத்தாமல் பீரோவில் வைத்துவிடுவார், இல்லையென்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் உறுத்தலோடு இருப்பார். வேத நூலுக்கான உறையில் பொறியுங்கள், பொருத்தம். பர்ஸ், பெல்ட், கால்மிதி, பயணப் பை இவற்றில் பெயரின் முதல் எழுத்தோ ஒரு பூவோ போதும். முஸ்லிம் பெரியவர்களுக்குச் செய்யும்போது, குறிப்பாகத் தொழுகையோடு தொடர்புள்ள பொருளில், உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம்; கொடியும் கோலமும் எவ்வளவோ இருக்கின்றன.

காலிப் பர்ஸ்

ஒரு ரூபாயாவது உள்ளே போட்டுக் கொடுங்கள்.

எண்ணும் முடிச்சும்

மொய்யில் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒன்றைக் கூட்டி எழுதியே வளர்ந்தவர்கள் நாம். ஒற்றைப்படை மங்கலம் என்பது நமக்கு யோசிக்காமலே வருகிறது. சீனக் கல்யாணத்தில் இது தலைகீழ்: சிவப்பு உறைக்குள் வைக்கும் பணம் இரட்டைப்படையாக இருப்பது நல்லது, நான்கு மட்டும் ஆகாது. ஜப்பானிய மரபில் கல்யாணப் பணம் இரண்டாகப் பிரியாத எண்ணாக இருக்க வேண்டும். நான்கும் ஒன்பதும் பரிசுப் பொருட்களின் எண்ணிக்கையில்கூட வராமல் பார்த்துக்கொள்வார்கள். ரஷ்யாவில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக்கள். இரட்டைப்படை, சாவு வீட்டுக்கு. ஆகவே ஜப்பானிய நண்பருக்குக் கோப்பை வைக்கும் தோல் வட்டுகளை நான்கு நான்காகக் கட்டாதீர்கள். ஐந்தாகக் கட்டுங்கள்.

முடிச்சு விஷயத்தில் ஜப்பானியர்களிடம் நான் மிகவும் மதிக்கிற ஒரு நுட்பம் இருக்கிறது. பரிசின் மேல் கட்டும் மிசுஹிகி என்ற காகிதக் கயிற்றைக் கல்யாணத்துக்கு அவிழ்க்க முடியாத முடிச்சாகப் போடுகிறார்கள், ஏனென்றால் அது ஒரு முறைதான் நடக்க வேண்டும். குழந்தை பிறப்பு போல மீண்டும் மீண்டும் வரவேண்டிய நல்ல காரியங்களுக்கு, இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. பெட்டியைத் திறக்கும் முன்பே கயிறு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. நம்மிடம் மஞ்சள் கயிறும் பூச்சரமும் இருக்கும்போது, கடையில் வாங்கிய பளபளப்பு ரிப்பனை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒட்டிக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெயர்

அடித்த எழுத்தை அழிக்க முடியாது. எனவே பெயரை வாயால் கேட்டு எழுதாதீர்கள். அவர் தானே எழுதிய ஏதாவது ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகப்பன் பெயரின் முதல் எழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தமிழில் பொறிப்பதானால் அச்சு சிறிதாக இருக்கக் கூடாது. சிறிய அச்சில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் பெயரே வேறாகிவிடும். ஆர்டர் கொடுத்துச் செய்யும் பித்தளை அச்சில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல் இடம்வலம் மாறியிருக்க வேண்டும் என்பதை அச்சு செய்பவரிடம் சொல்லியே கொடுங்கள். காகிதத்தில் ஒரு முறை ஒற்றிப் பார்த்துவிட்டு அச்சை வாங்குங்கள்.

தோலும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோலில் அடித்தால் எழுத்து அன்றைக்கு அழகாகத் தெரியும், சில வாரங்களில் மேலெழும்பி மங்கிவிடும். பட்டையில் பதனிட்ட தோலை லேசாக நனைத்து, ஈரம் உள்ளே இறங்கி மேற்பரப்பு மீண்டும் வெளிறத் தொடங்கும் நேரத்தில் அடித்தால் எழுத்து நிற்கும். வெட்டிய ஓரம் நீலமும் சாம்பலும் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் குரோம். பழுப்பாக இருந்தால் பட்டை. சாயம் உள்ளே ஊறியிருந்தால் ஓரம் ஏமாற்றும், அப்போது ஒரு துண்டில் அடித்துப் பார்த்துச் சில நாள் காத்திருங்கள்.

கொரிய நண்பருக்குச் செய்யும்போது பெயரைச் சிவப்பில் எழுதவோ சிவப்பு நூலில் தைக்கவோ வேண்டாம். அங்கே சிவப்பில் எழுதிய பெயர் இறந்தவரோடு சேர்ந்தது.

கறுப்புத் தாள்

கல்யாணப் பரிசை இதில் சுற்ற வேண்டாம்.

கத்தி

கைப்பிடியில் பெயர் பொறித்த கத்தி கேட்டு வருவார்கள். நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் கத்தியைப் பரிசாக வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு நாணயம் கொடுத்து, விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் அஞ்சுவது உறவு அறுந்துவிடும் என்பதற்குத்தான். வேறு பொருள் சொல்லிப் பாருங்கள்.

நாளைக்கே வேண்டும் என்ற ஆர்டர்

மறுத்துவிடுங்கள். நனைத்த தோலை வெயிலில் வைத்து அவசரமாக உலர்த்தினால் விறைத்து வெடிக்கும்.

எப்போது பிரிப்பார்கள் என்று யோசிக்காதது

நம் கல்யாண மேடையில் யாரும் பரிசைப் பிரிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கைமாறிப் போய்விடும். ஜப்பானிலும் சீனாவிலும் கொடுத்தவர் எதிரில் பிரிப்பதைத் தவிர்ப்பது பழைய வழக்கம். அமெரிக்கர் கையில் கொடுத்தால் அங்கேயே பிரித்து, பார்த்து, உங்கள் முகத்துக்கு நேரே பேசுவார். இது செய்பவருடைய வேலையைப் பாதிக்கிற விஷயம். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது பிரிக்கப்போகிற பரிசில், யார் கொடுத்தது என்பது பொருளோடு பிரியாமல் இருக்க வேண்டும். மேல் தாளில் ஒட்டிய சீட்டு மண்டபத்திலேயே உதிர்ந்துவிடும். உறையின் உள்மடிப்பில் கொடுப்பவர் பெயரையும் நாளையும் சிறிதாக அடித்துக் கொடுங்கள். பராமரிப்புக் குறிப்பையும் அந்த மடிப்புக்குள்ளேயே வையுங்கள்: மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தவும், பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைக்க வேண்டாம், எப்போதாவது ஒரு துளி எண்ணெய் தொட்டுத் துடைக்கவும். நேரே பிரிக்கப்போகிறவர் என்றால் அந்தக் குறிப்பை ஆர்டர் கொடுப்பவருக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். வலது கையாலோ இரண்டு கைகளாலோ கொடுக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இரு கைகள்தான் மரியாதை, அரபு நாடுகளில் இடக்கை ஆகாது. நம் வீட்டுப் பழக்கமே எல்லா இடத்திலும் செல்லும்.