ரெஷென் கணவாயிலிருந்து மெரான் வரை: ஊர்களைத் தவறவிடாமல் மிதிவண்டியில் செல்வது எப்படி?

இத்தாலியின் வட எல்லையில், ஆஸ்திரியாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒட்டிக் கிடக்கிறது ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. நான் முதல் முறை அங்கே மிதிவண்டியில் சென்றபோது, காலையில் ரெஷென் கணவாயில் புறப்பட்டு ஏறக்குறைய 80 கிலோமீட்டரைக் கடந்து மாலையில் மெரான் நகரை அடைந்தேன். பாதை நன்றாக இருந்தது, கால்களும் ஒத்துழைத்தன. ஆனால் அன்றிரவு எடுத்த படங்களைப் பார்த்தபோது ஆறும் ஆப்பிள் தோட்டங்களும் மட்டுமே இருந்தன. எந்த ஊர்களைப் பார்க்கவென்று போனேனோ, அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடாமலேயே கடந்து வந்திருந்தேன். மறுமுறை அதே பாதையை மூன்று நாட்களாகப் பிரித்துக்கொண்டு சென்றேன். அந்த இரண்டாம் பயணத்தில் கற்றதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கியர் மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் தெரிந்திருந்தால் போதும்; மலையேறிப் பழகியிருக்க வேண்டியதில்லை.

முதற்படி: திசையையும் பருவத்தையும் முடிவு செய்தல்

மேலிருந்து கீழே வாருங்கள். கணவாய் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் மெரான் 325 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், இடையிடையே சிறு ஏற்றங்கள் வந்தாலும் மொத்தத்தில் இது இறங்கும் பயணமே. மே முதல் அக்டோபர் வரை செல்லலாம். நான் செப்டம்பரையே பரிந்துரைப்பேன்: வெயில் தணிந்திருக்கும், ஆப்பிள் அறுவடையைக் காணலாம். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெறும் வறண்ட பள்ளத்தாக்கு இது என்பதால், ஆல்ப்ஸின் மற்ற இடங்களைப் போல நாள்தோறும் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் படி: கணவாய்க்கு ஏறிச் சேர்தல்

மெரானிலிருந்து மால்ஸ் வரை சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை உள்ளது. பதினைந்து ஆண்டுகள்போல் மூடிக்கிடந்த அது 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. மால்ஸில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லும் வண்டியொன்றில் ரெஷென் போய்ச் சேருவது தொடக்கநிலையினருக்கு ஏற்ற வழி. தங்கும் விடுதியிலேயே கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். கோடைக்காலத்தில் ரயிலில் மிதிவண்டிகளுக்கான இடம் விரைவில் நிரம்பிவிடும். மின்மயமாக்கும் பணிகளுக்காகப் பாதையின் சில பகுதிகளில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து ஓடும் காலங்களும் உண்டு. எனவே புறப்படும் வாரத்தில் அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையங்களை ஒட்டிய வாடகை நிலையங்களில் ஓர் ஊரில் எடுத்த மிதிவண்டியை வேறோர் ஊரில் திருப்பித் தரலாம் என்பதால், சொந்த மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட வாடகைக்கு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆஸ்திரியாவின் லாண்டெக்கிலிருந்தும் ஏறி வரலாம். அவ்வழியில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா வரை சென்று, பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நார்பெர்ட்ஸ்ஹோஹே என்னும் மேட்டைக் கடக்க வேண்டும். முதல் பயணத்திலேயே அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: பாதையை வரைதல்

நான் தவறியது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எட்ச் ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் தரைப்பகுதி, ஆற்றுக்குக் கரை கட்டிச் சீரமைக்கும் முன்பு பல இடங்களில் சதுப்பாகவும் வெள்ளத்துக்கு இரையாவதாகவும் இருந்தது. அதனால் பழைய ஊர்கள் பெரும்பாலும் ஆற்றோரத்தில் அமையாமல், பக்கவாட்டு ஓடைகள் மலையிலிருந்து கல்லும் மண்ணும் கொண்டுவந்து குவித்த விசிறி வடிவ மேடுகளின் மீது, தரையிலிருந்து சற்று உயரத்தில் அமைந்தன. மிதிவண்டிப் பாதையோ ஏற்றத்தைத் தவிர்ப்பதற்காக இயன்றவரை ஆற்றை ஒட்டியே செல்கிறது. பாதைப் பலகைகளை மட்டும் நம்பிச் சென்றால் மேட்டின் மேலுள்ள ஊர், தொலைவில் ஒரு கோபுரமாகத் தெரிந்து மறைந்துவிடும். மால்ஸ் அவ்வாறே எனக்குத் தப்பியது. பூர்கைஸிலிருந்து ஷ்லைஸ், லாட்ச் வழியாகக் குலூர்ன்ஸுக்கு இறங்கும் பாதை மால்ஸை ஒதுக்கிவிடுகிறது. ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட சுவரோவியங்களைக் கொண்ட புனித பெனடிக்ட் சிற்றாலயம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

ஆகவே, வரைபடத்தைத் திறந்ததும் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுத்துச் செயலியைப் பாதை போடவிடாதீர்கள். முதலில் நீங்கள் பார்க்க விரும்பும் கட்டடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிற்றாலயங்கள் பல, நாளில் சில மணி நேரமே திறக்கப்படுகின்றன. பயணநாட்களைப் பிரிக்க வேண்டியது அந்த நேரங்களைக் கொண்டே; கிலோமீட்டரைக் கொண்டு அன்று. அதன் பிறகு, இடைநிறுத்தப் புள்ளியை ஊர்ப்பெயரின் மீது வைக்காமல் ஆலயக் கோபுரத்தின் மீதோ நகரவாயிலின் மீதோ வையுங்கள். ஊர்ப்பெயரைக் கொடுத்தால் செயலி உங்களை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஊர் வந்துவிட்டது என்று சொல்லிவிடும். கடைசியாக, ஒவ்வொரு நாளின் பாதையையும் தனிக் கோப்பாகச் சேமித்து, இணையமின்றித் திறக்குமாறு கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதை வரைவதற்குக் கோமூட் (Komoot) என்னும் செயலி எளிது. ஆனால் சம உயரக் கோடுகளைத் தெளிவாகக் காட்டும் அச்சு வரைபடம் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஒரு மேட்டின் முழு வடிவத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் உணர முடிவதில்லை.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இப்பள்ளத்தாக்கு அமைந்துள்ள தென் திரோல் மாகாணத்தில் ஜெர்மனும் இத்தாலியமும் ஆட்சிமொழிகள் என்பதால், ஒவ்வோர் ஊருக்கும் இரு பெயர்கள் வழங்குகின்றன. மால்ஸ் என்பதும் மால்லெஸ் என்பதும் ஒன்றே. குலூர்ன்ஸ் குளோரென்சாவாகவும், ஷ்லாண்டர்ஸ் சிலாண்ட்ரோவாகவும், ரெஷென் ரேசியாவாகவும், எட்ச் ஆறு ஆதிஜேயாகவும் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பிடிப் பையில் வைத்துக்கொண்டால் ரயில் நிலையத்தில் தடுமாற மாட்டீர்கள்.

மேட்டோரங்களில் பழைய பாசனக் கால்வாய்களை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளைச் செயலி சில வேளை குறுக்குவழியாகக் காட்டும். அவை நடப்போருக்கானவை. மிதிவண்டியை அங்கே செலுத்த வேண்டாம்.

நான்காம் படி: மிதிவண்டியும் சுமையும்

35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர், டிஸ்க் பிரேக், மிகத் தாழ்ந்த கியர் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முதுகுப்பையைத் தவிர்த்து, கேரியரில் மாட்டும் பக்கப்பைகளைப் பயன்படுத்துங்கள். இறக்கத்தில் முதுகில் எடை இருந்தால் உடல் முன்னோக்கித் தள்ளப்படும். மின்மிதிவண்டி எடுப்பதில் தவறொன்றும் இல்லை. ஊர்களுக்கு ஏறி இறங்கும் ஊக்கத்தை அது தருமானால் தாராளமாக எடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள், ஏரியிலிருந்து குலூர்ன்ஸ் வரை

ரெஷென் ஏரியில் ஒரு மணிக்கோபுரம் மட்டும் நீருக்கு மேல் நிற்பதைக் காண்பீர்கள். மின் உற்பத்திக்காக 1950இல் நீர்மட்டம் உயர்த்தப்பட்டபோது கிரௌன் என்ற ஊரே மூழ்கியது. 160க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கரையில் படமெடுக்கும் கூட்டத்தைக் கடந்து சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் தம் வயல்களும் வீடுகளும் கண் முன்னே நீரில் மறைவதைப் பார்த்தவர்கள் என்ற நினைவோடு அந்த இடத்தை அணுகுவதே முறை.

ஏரியைத் தாண்டி, ஹைடர் ஏரிக்குக் கீழே இறக்கம் தொடங்குகிறது. அங்கிருந்து குலூர்ன்ஸுக்குள் 500 மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். சுமையோடு இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் தட்டு சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். முதல் பயணத்தில் பூர்கைஸுக்கு மேலே எனக்கு அது நேர்ந்தது. வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்து, பின் முழுவதுமாக விட்டுவிடுங்கள். அடுத்த வளைவுக்கு முன் மறுபடி அழுத்துங்கள். கைகள் வலித்தாலோ கருகிய வாடை வந்தாலோ நின்றுவிடுங்கள், தட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அங்குள்ள திறந்த மேட்டுவெளியில் காற்று பலமாக வீசுவது வழக்கம். பக்கவாட்டில் அடிக்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதைவிட வேகத்தைக் குறைப்பதே பயன் தரும்.

பூர்கைஸில் மிதிவண்டியைப் பூட்டிவிட்டு, 1,340 மீட்டர் உயரத்திலுள்ள மரியன்பெர்க் மடத்துக்கு நடந்து ஏறுங்கள். அதன் நிலவறை ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. ஊரில் கிடைக்கும் இரட்டைக் கம்பு ரொட்டியை வாங்கி உண்ணுங்கள். இங்கே கம்பு என்று நான் சொல்வது ரை என்னும் தானியத்தை. அதில் சேர்க்கும் மூலிகை வெந்தயத்தின் நெருங்கிய உறவு என்பதால், நம் நாவுக்கு அந்த மணம் உடனே பிடிபடும்.

குலூர்ன்ஸில் தங்குங்கள். சுமார் 900 பேர் வாழும் நகரம். மதிலும் மூன்று வாயில்களும் முழுமையாக நிற்கின்றன. 1499இல் அருகிலுள்ள கால்வென் போரில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் படை தோற்றபின் எரிக்கப்பட்ட ஊரை, 16ஆம் நூற்றாண்டில் இம்மதிலோடு மீண்டும் எழுப்பினார்கள். பகலில் வந்து போவோர் கலைந்தபின், தாழ்ந்த வளைவுகள் கொண்ட கடைத்தெருவில் மாலையில் நடந்தால்தான் ஊரின் அளவு புரியும்.

ஆறாம் படி: அடுத்த இரு நாட்கள்

இரண்டாம் நாளில் ஷ்லூடர்ன்ஸின் கூர்புர்க் கோட்டைக்கு ஏறிப் போர்க்கவசங்களைப் பாருங்கள். அடுத்து வரும் லாஸ் வெண்பளிங்குக்குப் பெயர்பெற்றது. நடைபாதைகளில்கூடப் பளிங்கு பதித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகளுக்கான கல் இங்கிருந்தே சென்றது. லாஸைத் தாண்டி ஷ்லாண்டர்ஸ் நோக்கிய இறக்கத்தில் பிரேக் பற்றிச் சொன்னதை மீண்டும் நினைவில் கொள்ளுங்கள். காஸ்டல்பெல்லில் பாதையே கோட்டையின் அடியில் செல்வதால் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் நாளில் நாதூர்ன்ஸின் கிழக்கு ஓரத்திலுள்ள புனித புரோகுலஸ் சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள். ஊஞ்சலில் அமர்ந்தவர்போல் தோன்றும் புனிதரின் ஓவியம் அங்குள்ளது. அடுத்துள்ள ராப்லாண்டில் 1552இல் கிடைத்த ரோமானிய மைல்கல்லின் நகல் நிற்கிறது. தன் தந்தை துரூசஸ் வகுத்த சாலையைப் போ ஆற்றிலிருந்து டான்யூப் வரை 350 மைல்களுக்குத் தான் அமைத்ததாகப் பேரரசர் கிளாடியஸ் அதில் பொறித்திருக்கிறார். மூன்று நாட்களாக நீங்கள் வந்த வழி பெரும்பாலும் அந்தச் சாலையின் தடமே. மேட்டின் மேலுள்ள பார்ச்சின்ஸ், 1864இல் மரத்தால் தட்டச்சுப்பொறி செய்த தச்சர் பீட்டர் மிட்டர்ஹோஃபரின் ஊர். அங்கே தட்டச்சுப்பொறிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு.

டோல் என்ற இடத்தில் பள்ளத்தாக்கு சட்டென்று படியிறங்குகிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் எதிரே ஏறி வருவோர் பலர் இருப்பார்கள். கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே செல்லுங்கள்.

பின்சேர்க்கை: குலூர்ன்ஸிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் மேற்கே, சுவிட்சர்லாந்தில் இருக்கும் முஷ்டாயர் மடத்துக்குச் சென்று வந்த வாசகர் ஒருவர், அங்கே தம் கைப்பேசிக் கட்டணம் எகிறிவிட்டதாக எழுதியிருந்தார். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை; ஒன்றியத்துக்குள் செல்லும் கைப்பேசித் திட்டங்கள் பல அங்கே செல்லா. 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அம்மடத்துக்காக ஓர் அரைநாளை ஒதுக்குவது முற்றிலும் தகும். எல்லையைத் தாண்டும் முன் கைப்பேசியில் இணையத்தை அணைத்துவிட்டு, இறக்கி வைத்த வரைபடத்தோடு கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள்.