கையால் நூற்ற, கையால் சாயமிட்ட கம்பளி நூலில் பின்னுவது எப்படி

ஆலை நூலை வாங்கினால் மேலே சுற்றியிருக்கும் தாளே எல்லாம் சொல்லிவிடும்: எத்தனை மீட்டர், எத்தனை கிராம், எந்த எண் ஊசி. ஒருவர் தன் ராட்டையில் நூற்ற நூலுக்கும், ஒரு பாத்திரத்துக்கு நாலைந்து சிட்டமாக, அதாவது வளையமாகச் சுற்றிய கட்டாக, சாயம் ஏற்றிய நூலுக்கும் அந்தத் தாள் பாதிதான் பேசும். மீதியை நூலிடம்தான் கேட்க வேண்டும். பின்ன வேண்டியதை முதலில் முடிவு செய்துவிட்டு நூல் தேடப் போவது இங்கே சரிப்படாது. நூலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அது எதற்கு ஒத்துவரும் என்று யோசியுங்கள்.

சிட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

முறுக்கிக் கட்டிய சிட்டம் ஏமாற்றும். நிறங்கள் எல்லாம் கலந்து அழகாகத் தெரியும். பின்னினால் வேறு முகம் காட்டும். முறுக்கை அவிழ்த்து, கட்டு நூல்களை வெட்டாமல், பெரிய வளையமாகப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் போடுங்கள். ஒரு நிறம் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று பாருங்கள். 2 முதல் 5 செ.மீ. துண்டுகளாக மாறினால் துணியில் புள்ளி தூவியதுபோல் விழும். 30 செ.மீ.க்கு மேல் ஓடினால் திட்டோ பட்டையோ வரும். ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் என்றால் கவலை இல்லை, முறுக்குக் கயிறு (கேபிள்) வடிவமும் துளைகள் விழும் லேஸ் வடிவமும் அதில் நன்றாகத் தெரியும். பல நிறம் பளிச்சிடும் நூலில் அதே வடிவத்தைப் போட்டால் உழைப்பு வீண். நிறத்தின் இரைச்சலில் வடிவம் காணாமல் போகும்.

நீளம் தெரியாத கைநூலுக்கு இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். வளையத்தின் சுற்றளவை இழுக்காமல் அளந்து, ஓரிடத்தில் எத்தனை இழை என்று எண்ணிப் பெருக்குங்கள். சுற்றளவு 150 செ.மீ., 140 இழை என்றால் 210 மீட்டர். எடை 95 கிராம் இருந்தால் 100 கிராமுக்குச் சுமார் 221 மீட்டர். ஆலை நூலில் டி.கே. என்று விற்கும் நடுத்தரத் தடிமனுக்குப் பக்கத்தில் வருகிறது. ஃபிங்கரிங் என்னும் மெல்லிய நூல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர், வொர்ஸ்டெட் என்னும் சற்றுத் தடித்த நூல் 200-க்குச் சற்றுக் குறைவு.

கைநூலை எப்போதும் மீட்டர் பார்த்து வாங்குங்கள். ஒரே தடிமன் தெரியும் இரண்டு நூலில், நெருக்கமாக நூற்றது கனக்கும், காற்றடைத்து நூற்றது இலேசாக இருக்கும். கிராம் கணக்கில் வாங்கினால் ஸ்வெட்டரின் கடைசிக் கைப்பகுதியில் நூல் தீர்ந்துபோவது இதனால்தான். தேவைக்கு மேல் 15 சதவீதம் கையில் இருக்கட்டும். அதே நூல் மறுபடி கிடைக்காது.

தடிமனை உறுதி செய்ய, அளவுகோலைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு நூலைப் பக்கத்துப் பக்கத்தில் சுற்றுங்கள். இழைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நெருக்கக் கூடாது. 14 சுற்று வந்தால் ஃபிங்கரிங், 11 என்றால் டி.கே., 9 என்றால் வொர்ஸ்டெட். சிட்டத்தின் நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். நூற்பவர் கை தொடக்கத்தில் ஒரு மாதிரி, முடிவில் ஒரு மாதிரி போவது இயல்பு.

முறுக்கும் புரியும்

ஒரு முனையைக் கையால் பிரித்துப் புரியை, அதாவது சேர்த்து முறுக்கிய இழைகளை, எண்ணுங்கள். முப்புரி உருண்டையாக நிற்கும். முறுக்குக் கயிறு வடிவத்துக்கும் காலுறைக்கும் அதுதான் சரி. இருபுரி சற்றுத் தட்டையாக விரியும், லேஸ் துளைகளைத் திறந்து காட்டும். ஒற்றைப்புரி மென்மையாகப் பளபளக்கும், ஆனால் உரசினால் சீக்கிரம் உருண்டை கட்டும். அதில் முறுக்கு மிச்சம் இருந்தால், ஒரு பக்கம் முழுவதும் நிட் (பின்னல் கண்ணியின் முன்முகம்), மறுபக்கம் பர்ல் (அதன் பின்முகம்) என்று பின்னிய துணி சதுரமாக வராமல் ஒருபுறம் சாயும். எவ்வளவு இழுத்துக் காய வைத்தாலும் அடுத்த துவைப்பில் பழையபடி கோணிக்கொள்ளும். நிட்டும் பர்லும் இரு பக்கமும் சமமாக வரும் கார்ட்டர், மாஸ் பின்னல்களில் இந்தச் சாய்வு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒற்றைப்புரியில் சால்வை பின்னுங்கள், காலுறை வேண்டாம்.

புரியிட்ட நூலில் முறுக்கு சமமா என்று பார்க்க, சிட்டத்தை ஒரு விரலில் தொங்க விடுங்கள். திறந்த வளையமாகத் தொங்கினால் சரி. தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் மிச்ச முறுக்கு இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊற வைத்து, துண்டில் உருட்டிப் பிழிந்து, எடை கட்டாமல் தொங்கவிட்டுக் காய வையுங்கள். சின்ன மிச்சம் அடங்கிவிடும். எடை கட்டிக் காய வைத்தால் நேராகத் தெரியும், ஆனால் அது இழுத்துப் பிடித்த நிலைதான். நனைந்ததும் மறுபடி சுருண்டுகொள்ளும்.

சாயம் விடுகிறதா?

இந்தச் சோதனையைப் பின்னி முடித்த பிறகு செய்து பலர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பின்னுவதற்கு முன்பே செய்யுங்கள். ஒரு முனையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். கறை படிந்தால் சாயம் விடுகிறது. அடர்ந்த சிவப்பிலும் நீலப்பச்சையிலும் இந்தத் தொல்லை அதிகம்.

கம்பளிக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது அமிலச் சாயம். அது இழையில் பிடிக்க அமிலமும் வேண்டும், சூடும் வேண்டும். தண்ணீரில் வினிகரைக் கலந்து ஊற வைத்தால் போதும் என்ற நம்பிக்கை தவறு. சூடில்லாத வினிகர் எதையும் பிடிக்க வைப்பதில்லை. சரியான வழி இது. சமையலுக்குத் திரும்ப எடுக்காத எவர்சில்வர் பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீர், 60 மி.லி. வெள்ளை வினிகர். நனைத்த சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி உள்ளே போட்டு, மெல்லச் சூடேற்றி 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள், கிளறாதீர்கள். பாத்திரத்திலேயே ஆறட்டும். தண்ணீர் தெளிந்திருந்தால் பிடிக்காமல் நின்ற சாயம் இப்போது பிடித்துவிட்டது. நிறம் தண்ணீரிலேயே நின்றால் அது நூல் ஏற்க முடியாத மிகைச் சாயம். நீர் தெளியும்வரை அலசிவிடுவதுதான் வழி.

அவுரி நீலம் வேறு கதை. அது இழையோடு வேதியியலாகப் பிணைவதில்லை, உள்ளே தங்கி நிற்கிறது. மேலாக ஒட்டியது உரசும்போது கையிலும் வெளிர்நிற ஊசியிலும் படியும். வினிகரால் பயன் இல்லை. மென்மையான சோப்பு நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் குறையும். படிகாரம் ஏற்றி மஞ்சிட்டி வேர் போன்றவற்றால் சாயமிட்ட நூலுக்கு அமிலமே காட்டாதீர்கள். சில இயற்கைச் சாயங்கள் புளிப்பிலும் காரத்திலும் நிறம் மாறிவிடும்.

கண்டாகச் சுற்றுதல்

சிட்டத்திலிருந்து நேரடியாகப் பின்னத் தொடங்கினால் பத்து வரிசைக்குள் சிக்கு விழும். ஸ்விஃப்ட் என்னும் சுழலும் சட்டத்திலோ, முதுகு காட்டி நிற்கும் இரண்டு நாற்காலிகளிலோ மாட்டி, வளையம் தொய்வில்லாமல் நின்ற பிறகே கட்டு நூல்களை வெட்டுங்கள். நூல் சிக்கினால் பலமாக இழுக்காமல், வளையத்தின் இரு புறத்திலும் கை விட்டு உதறுங்கள். பெரும்பாலும் இழை ஒன்று வளையத்துக்குள் புகுந்து எதிர்ப்பக்கம் போயிருக்கும். சுற்றும்போது நூலை இறுக்காதீர்கள். இறுகிய கண்டில் கம்பளி நீண்டபடியே கிடக்கும், பின்னிய பிறகு துவைத்ததும் பழைய நீளத்துக்குச் சுருங்கும். ஸ்வெட்டர் ஓர் அளவு சிறிதாகிவிடும். அதனால் பின்னப் போகும் வாரம்தான் சுற்றுங்கள்.

நிறம் திட்டுத் திட்டாக விழுந்தால்

பல நிற நூலில் வரும் பெரிய குறை இதுதான். சாயம் வளையத்தின் சுற்றளவில் போட்டது, எனவே அதே நிற வரிசை, மேலே அளந்த வளையம் என்றால், ஒவ்வொரு 150 செ.மீ.க்கும் திரும்ப வரும். உங்கள் பின்னல் வரிசை ஒன்று உண்ணும் நூல் அந்த நீளத்தோடு ஒத்துப்போனால் ஒரே நிறம் ஒரே இடத்தில் ஏறி உட்காரும்.

கணக்கு எளிது. நூலில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வைத்து, அதற்குள் எத்தனை கண்ணி வருகிறது என்று பின்னிப் பாருங்கள். 80 கண்ணி என்றால் ஒரு கண்ணிக்கு 1.25 செ.மீ. அப்போது 150 செ.மீ. 120 கண்ணி. வட்டமாக 120 கண்ணியில் பின்னினால் செங்குத்துக் கோடுகள் நிற்கும். 118 அல்லது 122 வைத்தால் அவை சாய்ந்து திருகிக்கொண்டு ஏறும். தப்பித்துவிட்டதாக நினைத்தால் அதுவும் இல்லை. நேர்ப் பின்னலில் ஒரு வரிசை 60 கண்ணி என்றால் போய் வரும் இரண்டு வரிசையில் ஒரு சுற்று முடிந்து இரு ஓரத்திலும் திட்டு சேரும். இரண்டு கண்ணி மாற்றுவதைவிட 10, 15 கண்ணி மாற்றுவதே பலன் தரும்.

அதைவிட உறுதியானது, இரண்டு சிட்டத்தை மாற்றி மாற்றிப் பின்னுவது: இரண்டு வரிசைக்கு ஒன்று. இரண்டாவது சிட்டத்தை நிறச் சுழற்சியின் வேறோர் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஓரத்தில் நூலை ஏற்றும்போது தளர்த்திக் கொடுங்கள். இறுகினால் ஓரம் சுருக்கிக்கொள்ளும். ஒரே பாத்திரத்தில் சாயமிட்ட சிட்டங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. எல்லாவற்றையும் பகலில் வரிசைப்படுத்தி, மிகவும் வேறுபடும் ஒன்றை மணிக்கட்டு, கழுத்து ஓரங்களுக்கு ஒதுக்குங்கள்.

மாதிரித் துண்டும் துவைப்பும்

30 கண்ணி போட்டு 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். அளந்து, துவைத்து, காய்ந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். இயந்திரத்தில் துவைக்கத் தக்கபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளியில் இழையின் செதில்கள் வேதிமுறையால் மழுக்கப்பட்டிருக்கும். அதனால் சாயம் பளிச்சென்று ஏறும், சிக்குண்டு சுருங்காது. ஆனால் நனைந்தால் நீளும். ஸ்வெட்டரின் கை நீளத்தைத் துவைத்த துண்டின் அளவில் கணக்கிடுங்கள். சாதாரணக் கம்பளிக்கு நேர்மாறான பயம்: சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் செதில்கள் பின்னிக்கொண்டு துணி பலகைபோல் இறுகும். 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில் 20 நிமிடம் ஊற விட்டு, தேய்க்காமல் எடுத்து, துண்டில் உருட்டி, படுக்கையாகக் காய வையுங்கள்.

இரு நூல் முனைகளைப் பிரித்து ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்து இணைக்கும் முறை சாதாரணக் கம்பளிக்கு மட்டும்தான். சூப்பர்வாஷில் அது விட்டுப்போகும். முனையை ஊசியால் தன் இழைக்குள்ளேயே திருப்பிச் செருகுங்கள். காற்றடைத்து நூற்ற தளர்ந்த நூலால் தையல் மூட்டாதீர்கள், இழுத்தால் அறும். அதே நிறத்தில் புரியிட்ட வேறு நூல் எடுங்கள். மீந்ததில் 5 மீட்டரைச் சிறு சிட்டமாகக் கட்டி ஆடையோடு வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் ஆடையுடன் சேர்த்தே துவையுங்கள். இல்லாவிட்டால் முழங்கையில் ஓட்டை அடைக்கும்போது அந்த இடம் மட்டும் புதுநிறத்தில் தனித்துத் தெரியும்.