பஸ்ஸுக்கா நிக்கறேன் கண்ணு? கதை படித்து ஆங்கிலம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம் பேசிப் பழக ஒரு சின்னக் கதை போதும் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும், அதில் இரண்டு பேராவது பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம் என்று சின்ன வயதிலிருந்தே மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள் இவர்கள். காது நன்றாகப் பழகியிருக்கிறது, வாய்க்கூச்சமும் குறைவு. நர்ஸிங் முடித்து வெளிநாடு போக நினைக்கிறவர்களும், எல்லை தாண்டிக் கோயமுத்தூரில் வேலை தேடுகிறவர்களும் இதில் நிறைய. இவ்வளவு இருந்தும், கதையைக் கையாளும் விதத்தில் செய்யும் சில தவறுகளால் உழைப்பு வீணாகிறது. அதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

பயிற்சிக்காக நான் எழுதி வைத்திருக்கும் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடை. சாயங்காலம். கோயமுத்தூரிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றுவிட்டுக் கிளம்புகிறது. பெஞ்சில் இருக்கும் பாட்டி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போகிறது. டீக்கடைப் பையன் சொல்கிறான்: 'தட் வாஸ் யுவர் பஸ். யூ மிஸ்ட் இட், டிடின்ட் யூ?' பாட்டி பதில் சொல்கிறார்: 'ஐம் நாட் வெயிட்டிங் ஃபர் த பஸ்.' 'இட்ஸ் கெட்டிங் லேட்' என்கிறான் பையன். 'ஐ கன் வெயிட்' என்கிறார் பாட்டி. மூன்றாவது பஸ்ஸிலிருந்து ஒரு பெண் பையோடு இறங்குகிறாள். 'யூ ஆர் லேட்' என்று சொல்லிப் பாட்டி பையை வாங்கிக்கொள்கிறார். 'யூ வெயிட்டட்!' என்கிறாள் பேத்தி.

ஆங்கில வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருப்பது வரியை அடையாளம் காட்டத்தான். உங்கள் நோட்டில் உச்சரிப்பை இப்படி எழுதி வைத்துப் படிக்க வேண்டாம். தமிழ் எழுத்து ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுத்துவிடும். ஆங்கிலப் பேச்சில் ஓர் அசை தூக்கலாக நிற்கும், பக்கத்தில் இருப்பவை சுருங்கிப்போகும். அது ஒலியைக் கேட்டால்தான் பிடிபடும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

கதையைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. பெரிய எழுத்தாளர், பெரிய கதை என்று எடுத்து, வரிக்கு நாலு சொல்லுக்கு அகராதி புரட்டி, இரண்டாம் பக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொள்ள அதன் சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் இன்னொருவரோடு சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் புதிதாக இருக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு இது நல்ல அளவு. படி அமைத்து எழுதிய வாசிப்பு நூல்கள் இதற்காகவே வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலைக்கு 400 தலைச்சொற்கள் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொற்கள்), ஆறாம் நிலைக்கு 2,500. கல்லூரி முடித்தவர்கள் முதல் நிலையை எடுக்கக் கூச்சப்படுகிறார்கள். வாயால் பழகுவதற்கு அதுதான் சரியான இடம், கூச்சமே வேண்டாம்.

அழுத்தம் எங்கே விழ வேண்டும்?

எல்லாத் தவறிலும் பெரியது, எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் படிப்பது. இதை மட்டும் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று சொல்வேன்.

பாட்டியின் பதிலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பஸ்ஸுக்கா நிக்கறேன் கண்ணு?' பஸ்ஸோடு ஒட்டிய அந்த 'ஆ' போதும். பாட்டி காத்திருப்பது வேறு எதற்கோ என்று கேட்பவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. மலையாளத்திலும் 'பஸ்ஸினாணோ ஞான் நில்க்குன்னது?' என்று 'ஆணு' வந்து அதே வேலையைச் செய்யும். தமிழில் தான், ஏ, ஆ, உம் என்று இதற்கென்றே ஒட்டுகள் இருக்கின்றன. எது முக்கியம் என்பதைச் சொல்லோடு ஒட்டியே காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இப்படி ஒட்டுகள் இல்லை. குரலை ஏற்றி அழுத்துவதுதான் பெரும்பாலும் அங்கே அந்த வேலையைச் செய்கிறது.

ஆகவே 'பஸ்' என்ற சொல்லை அழுத்தினால், 'பஸ்ஸுக்காக இல்லை, வேறு ஒன்றுக்காக' என்று பொருள். 'வெயிட்டிங்' என்பதை அழுத்தினால், 'காத்திருக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்' என்று ஆகிவிடும். 'ஐம்' என்பதை அழுத்தினால், 'நான் இல்லை, வேறு யாரோ காத்திருக்கிறார்கள்.' மூன்றும் ஒரே வரி. கதைக்குப் பொருந்துவது முதலாவது மட்டும். வகுப்பில் பலர் இந்த வரியைச் சமமாகப் படிப்பார்கள், இல்லையென்றால் 'நாட்' என்பதை ஓங்கிச் சொல்வார்கள். பேத்தி வந்து இறங்கும் இடத்தில் வர வேண்டிய சந்தோஷம் அப்போது வருவதே இல்லை.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. ஒவ்வொரு உரையாடல் வரியையும் முதலில் நம் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள், மலையாளம் எளிதாக வந்தால் அதில் சொல்லுங்கள். தான், ஏ, ஆ எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் படியுங்கள். அப்படி ஒட்டு எதுவும் இல்லாத சாதாரண வரியில், கடைசியாக வரும் பொருளுள்ள சொல்லில் அழுத்தம் விழுவது ஆங்கிலத்தின் வழக்கம்.

இந்த ஒட்டுகளை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் ஒரு தவறு. 'நேத்துதான் சொன்னேன்' என்பது 'ஐ டோல்ட் ஹிம் யெஸ்டர்டே ஒன்லி' என்று வருகிறது. நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரருக்கு அந்த 'ஒன்லி' எதற்கென்றே தெரியாது. அதை எடுத்துவிட்டு 'யெஸ்டர்டே' என்பதை அழுத்திச் சொன்னால் போதும். இதேபோல, பையன் கேட்கும் 'டிடின்ட் யூ?' வரும் இடத்தில் பலர் 'இஸின்ட் இட்?' என்று போடுகிறார்கள். நம் 'இல்லையா'வும் மலையாளத்து 'அல்லே'யும் எந்த வாக்கியத்துக்குப் பின்னாலும் மாறாமல் நிற்பவை என்பதால் வரும் பழக்கம் இது. ஆங்கிலத்தில் முன்னால் இருக்கும் வினைக்கு ஏற்ப, பின்னால் ஒட்டும் இந்தக் கேள்வி வாலும் மாற வேண்டும். அந்த வாலில் குரல் மேலே போனால் பையனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, கேட்கிறான். கீழே இறங்கினால் பஸ்ஸை விட்டுவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டான், பாட்டி ஆமாம் என்று சொன்னால் போதும். இரண்டு விதமாகவும் படித்துப் பாருங்கள், பையனே வேறு ஆளாகத் தெரிவான்.

சுருங்க வேண்டியவை சுருங்கட்டும்

ஓர் இடத்தை அழுத்துவது எவ்வளவு முக்கியமோ, மற்ற இடங்களை விட்டுக்கொடுப்பதும் அவ்வளவு முக்கியம். 'ஃபார்', 'டு', 'ஆஃப்', 'வாஸ்', 'கேன்' போன்ற சின்னச் சொற்கள் வாக்கியத்தின் நடுவில் வரும்போது ஏறக்குறைய விழுங்கப்படும். இதில் 'கேன்' பற்றி நான் தனியாகவே எச்சரிப்பேன். 'ஐ கன் வெயிட்' என்று கேனைச் சுருக்கி 'வெயிட்' என்பதை அழுத்தினால், 'காத்திருக்க முடியும்' என்று பொருள். கேனை முழுசாக, அழுத்தமாகச் சொன்னால், அமெரிக்க ஆங்கிலம் பழகிய காதுக்கு அது 'கான்ட்' என்று கேட்கக்கூடும். முடியும் என்று நீங்கள் சொன்னது முடியாது என்று போய்ச் சேரும். ஆஸ்பத்திரி வார்டிலோ போன் அழைப்பிலோ இது சின்ன விஷயம் இல்லை.

மெதுவாகப் பேசும் ஒலிப்பதிவிலேயே தங்கிவிடுவதும் இதனால்தான் தவறாகிறது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பு, சுமார் 1,500 சொற்களுக்குள், வேகத்தைக் குறைத்துப் படித்தது. தொடக்கத்தில் அந்த மாதிரிப் பதிவுகள் பெரிய உதவி. ஆனால் வேகம் குறையக் குறைய இந்தச் சுருக்கங்களும் தெளிந்துபோய், எல்லாச் சொல்லும் முழுசாகக் கேட்கத் தொடங்கும். கதை புரிந்ததும் இயல்பான வேகத்துக்கு வந்துவிடுங்கள். 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளத்தில், பதிப்புரிமை முடிந்த கதைகளைத் தன்னார்வலர்கள் படித்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படிப்பவருக்குப் படிப்பவர் தரம் மாறும் என்பதால் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பதிவு ஓடும்போதே அரை நொடி பின்னால் கூடவே பேசிக்கொண்டு போகும் பயிற்சி, ஏற்ற இறக்கம் பிடிபட மிகவும் நல்லது.

கதைகள் பெரும்பாலும் நடந்து முடிந்ததைச் சொல்வதால், வரிக்கு வரி இறந்தகால வினை வரும். அங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. எழுத்தில் 'ஈடி' என்று முடிந்தாலே 'எட்' என்று ஓர் அசை சேர்த்து, 'வாக்கெட்', 'மிஸ்ஸெட்', 'ஸ்மைலெட்' என்று படிக்கிறார்கள். வினையின் கடைசி ஒலி ட அல்லது ட்டவாக இருந்தால் மட்டும்தான் அது தனி அசையாகும்: 'வெயிட்டட்', 'நீடட்'. மற்ற இடங்களில் 'வாக்ட்', 'மிஸ்ட்', 'ஸ்மைல்ட்' என்று ஒரே அசைதான். சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பதும், மூக்கொலிக்குப் பின் வரும் வல்லொலியை மெலிய விடுவதும் நம் மொழிகளின் இயல்பு. அதனால் 'வென்ட்' என்பது 'வெண்டு' ஆகிறது. ஒவ்வொரு உகரமும் ஓர் அசையைக் கூட்டுவதால் வாக்கியத்தின் தாளமே மாறிவிடும்.

காலத்தில் இன்னொன்று. 'நேத்து வந்திருந்தார்' என்ற வழக்கு 'ஹி ஹேட் கம் யெஸ்டர்டே' என்று வரவைக்கிறது. அங்கே 'கேம்' போதும். 'ஹேட்' வேண்டுமானால் அதற்குப் பிந்திய இன்னொரு நிகழ்ச்சி கூட இருக்க வேண்டும். பேத்தி வந்தபோது இரண்டு பஸ் போயிருந்தன என்றால் அது சரி.

சொற்களைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்கிறேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ப் பொருள் என்று நோட்டை இரண்டாகப் பிரிக்காதீர்கள். இந்தக் கதையிலேயே 'லேட்' இரண்டு தடவை வருகிறது. பையன் சொல்வது பொழுது போய்விட்டது என்பதை. பாட்டி சொல்வது செல்லக் கோபம். 'தாமதம்' என்று ஒரே பொருளை எழுதி வைத்தால் இரண்டும் கைக்கு வராது. வரியை முழுசாக எழுதுங்கள், யார் யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். 'மிஸ் த பஸ்', 'கேட்ச் த பஸ்', 'கெட் ஆஃப் த பஸ்' என்று சேர்ந்தே வரட்டும். பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம், வெளிநாடு போகிறவர்கள் 'கெட் ஆஃப்' என்று பழகிக்கொள்வது நல்லது.

எந்த உச்சரிப்பைப் பின்பற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டிஷ்காரர் போலவோ அமெரிக்கர் போலவோ ஒலிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் எழுதினார். 'திங்க்', 'தட்' போன்ற சொற்களின் முதல் ஒலியை நாம் நம் வழியில் சொல்வதால் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. வாக்கியத்தின் முக்கிய அழுத்தம் தவறினால் புரியாமல் போகிறது. பென்சில் கோட்டுக்கு நான் இவ்வளவு இடம் கொடுத்ததற்கு அதுவும் காரணம்.

கடைசியாக, கதையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசிக்கக் கொடுத்து, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். மனப்பாடப் பதில் அங்கே எடுபடாது. கதையை ஆள் மாற்றிச் சொல்லிப் பழகுவது கைகொடுக்கும். டீக்கடைப் பையன் ராத்திரி வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வான்? பேத்தி மறுநாள் தோழிக்குப் போனில் எப்படிச் சொல்வாள்? ஆள் மாறினால் காலம் மாறும், சொல் மாறும், அழுத்தம் விழும் இடமும் மாறும். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இன்றைக்கு 'கேன்', நாளைக்கு இறந்தகால முடிவு, அடுத்த நாள் கேள்வி வாலில் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. மூன்று பேர் வாயிலிருந்தும் கதை தடங்காமல் வந்த பிறகு அடுத்த கதைக்குப் போகலாம்.