வைஃபை பவரை 27 என்று போட்டாலும் 20-லேயே நிற்கிறதா?

ரவுட்டர் செட்டிங்கில் 27 டிபிஎம் (சிக்னல் பவரை அளக்கும் அலகு) என்று போட்டுச் சேமித்தேன். பக்கம் திரும்ப வந்தபோது 20. மறுபடி போட்டேன், மறுபடியும் 20. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் மோசம், 13-ல் படுத்துக்கிடந்தது. ரவுட்டர் பழுது என்று முடிவுகட்டி, ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் மென்பொருளை) மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகுதான் தெரிந்தது, பழுது எதுவுமே இல்லை. ஒரு வார இறுதி போனதுதான் மிச்சம். உங்களுக்கு அது போகாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருள்) போட்ட ரவுட்டருக்கான குறிப்பு இது. எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது கட்டளை அடிக்கும் திரை வழியாக, உள்ளே நுழையத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். லூசி (பிரவுசரில் திறக்கும் செட்டிங் பக்கம்) பார்க்க நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் ஏன் குறைந்தது என்ற காரணத்தைச் சொல்லாது. இந்த வேலைக்கு வைஃபை நிலையைக் காட்டும் ஐடபிள்யூ கட்டளையை மட்டும்தான் நான் நம்புவேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள் (ரெக் என்பது ஆர்-இ-ஜி, ஃபை என்பது பி-ஹெச்-ஒய்).

டிபிஎம் கணக்கு ஒரு வரியில்: 20 என்றால் 100 மில்லிவாட், 23 என்றால் 200, 30 என்றால் 1 வாட். 3 ஏறினால் இரண்டு மடங்கு, 10 ஏறினால் பத்து மடங்கு.

படி 1: எந்த நாட்டுச் சட்டம் ஓடுகிறது என்று பாருங்கள்

"ஐடபிள்யூ ரெக் கெட்" என்று அடியுங்கள். முதலில் நாட்டுக் குறியீடு இரண்டு எழுத்தில் வரும். அங்கே 00 என்று இருந்தால் நீங்கள் நாட்டையே தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். அது எல்லா நாட்டுக்கும் பொதுவான, மிகவும் கறாரான பட்டியல். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் முழுவதும் கேட்க மட்டுமே அனுமதி, ரவுட்டராகப் பேச முடியாது. லூசியில் வயர்லெஸ் பக்கத்தில் ஒவ்வொரு ரேடியோவுக்கும் நாட்டைப் போட்டுச் சேமியுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

குறியீட்டுக்குக் கீழே வரும் வரிகளை அவசரப்படாமல் படியுங்கள். ஜெர்மனிக்கான டிஇ குறியீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உச்சம் 20. 5150 முதல் 5250 மெகாஹெர்ட்ஸ் வரை 23. அடுத்த 100 மெகாஹெர்ட்ஸுக்கு 20, அதோடு ரேடார் நிபந்தனை (பேசும் முன் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்). 5470 முதல் 5725 வரை 26, அதற்கும் ரேடார் நிபந்தனை உண்டு. 5725-க்கு மேலே வெறும் 13.

கவனித்தீர்களா? நாடு அதேதான், ரவுட்டரும் அதேதான். சேனல் 36-லிருந்து (23 வரும் பகுதி) 149-க்கு (13 வரும் பகுதி) மாறினால் பவர் பத்தில் ஒரு பங்காகிவிடும். 36-லிருந்து சேனல் 100-க்கு (26 வரும் பகுதி) போனால் இரண்டு மடங்காகும். "149-ல் கூட்டமே இல்லை" என்று சந்தோஷப்பட்டு அங்கே குடியேறுகிறவர்கள் இந்த வரியை ஒரு முறை பார்க்கட்டும். சில நாட்டுப் பட்டியல்களில் 149-க்குத்தான் அதிக பவர், ஆகவே உங்கள் நாட்டு வரிகளைப் பார்த்துத்தான் சேனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐரோப்பிய வரம்புகள் ஆன்டெனாவையும் சேர்த்துக் கணக்கிடப்படுபவை என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய ஆன்டெனா மாட்டினால், அது கூட்டிக்கொடுக்கும் அளவை ரேடியோவில் குறைத்துவிட வேண்டும்.

படி 2: கார்டு (ரவுட்டருக்குள் இருக்கும் வைஃபை வன்பொருள்) என்ன சொல்கிறது?

"ஐடபிள்யூ ஃபை" அடித்தால் ஒவ்வொரு சேனலும் அதற்குரிய டிபிஎம்மும் வரிசையாக வரும். சட்டப் பட்டியல் 30 என்கிறது, இங்கே 22 என்று இருக்கிறது என்றால் அது கார்டின் எல்லை. தொழிற்சாலையில் அளந்து சிப்பிலேயே எழுதிவிட்டார்கள், நாட்டை மாற்றிப் பயனில்லை. அத்தோடு விட்டுவிடுங்கள்.

படி 3: என்னைக் கவிழ்த்த இடம்

என்னுடையது ரிப்பீட்டர் அமைப்பு. இந்த ரவுட்டரின் 2.4 ரேடியோ, மெயின் ரவுட்டரோடு கிளையன்ட்டாக, அதாவது ஒரு போன் இணைவதுபோல், இணைந்து நெட்டை வாங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அதை வீட்டுக்குள் விநியோகிக்கும். நாட்டுக் குறியீட்டை ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன்.

வைஃபையை ரீஸ்டார்ட் செய்த உடனே ரெக் கெட் அடித்தால் என் நாடு வரும், பவரும் சரியாக இருக்கும். பத்து விநாடி கழித்து அடித்தால் வேறு நாடு! முதலில் நான்தான் தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். வீம்புக்கு "ஐடபிள்யூ ரெக் செட்" என்று என் நாட்டைக் கையால் அடித்தேன். இப்போது குறியீட்டின் இடத்தில் 98 என்று வந்தது. 98 என்று எந்த நாடு இருக்கிறது?

துப்பு தற்செயலாகக் கிடைத்தது. வேறு ஏதோ வேலைக்காக மெயின் ரவுட்டரை அணைத்தேன். அணைத்ததும் இந்த ரவுட்டரில் என் நாடு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ரவுட்டரும் தன் அறிவிப்பு சிக்னலிலேயே "நான் இன்ன நாட்டில் இருக்கிறேன்" என்று சொல்ல முடியும். ஓப்பன்டபிள்யூஆர்டிக்குள் ஓடும் லினக்ஸ், கிளையன்ட்டாக இணைந்ததும் அந்தப் பேச்சை நம்பி, அந்த நாட்டுச் சட்டத்துக்கு மாறிவிடும். லேப்டாப்போடு ஊர் ஊராகப் போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். ரிப்பீட்டரில் இது வினை. என் மெயின் ரவுட்டர் பழையது, யாரோ எப்போதோ வைத்த ஐரோப்பியக் குறியீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இணைந்தது 2.4 ரேடியோ மட்டுமே என்றாலும் மாற்றம் இரண்டு ரேடியோவையும் பிடித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் 149-ல் இருந்ததால் 13-க்கு இறங்கியதன் கதை இதுவே.

98 என்பது நாடே இல்லை. இரண்டு சட்டம் மோதும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்துப் போடும் கலவைப் பட்டியல். ஒவ்வொரு அலைவரிசைக்கும் இரண்டில் குறைந்த பவர். ஒரு பட்டியலில் மட்டும் இருக்கும் சேனல் அடியோடு காணாமல் போகும். ஆகவே 98-ஐப் பார்த்தால் கையால் அடிப்பதை நிறுத்திவிட்டு, இன்னொரு நாட்டை யார் சொல்கிறார்கள் என்று தேடுங்கள்.

தீர்வு இரண்டு நிமிட வேலை. மெயின் ரவுட்டரில் நாட்டைத் திருத்தி ரீபூட் செய்தேன், அவ்வளவுதான். அங்கே கைவைக்க வழியில்லை என்றால் இரண்டு ரவுட்டருக்கும் நடுவே கேபிள் இழுத்துவிடுங்கள். கிளையன்ட் இணைப்பே இல்லாதபோது யார் பேச்சையும் கேட்கத் தேவையில்லை. உண்மையில் கேபிள்தான் எனக்குப் பிடித்த வழி.

நாட்டை மாற்றிப் போட்டால் என்ன?

பவர் அதிகம் தரும் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். செய்யாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். 5600-5650 மெகாஹெர்ட்ஸில் வானிலை ரேடார்கள் வேலை செய்கின்றன, அவற்றின் மேல் நம் சிக்னல் போய் விழும். தவிர, லாபமும் சொற்பம். ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், போன் தன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு பழைய குரலில்தான் பதில் சொல்லும். போனில் கோடுகள் நிறையத் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. தடையில்லாத வெளியிலேயே தூரம் இரண்டு மடங்காக 6 டிபி வேண்டும், அதாவது நான்கு மடங்கு பவர். சுவர்கள் நடுவே வந்தால் அதுவும் கிடைக்காது. ரவுட்டரை அறையின் மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவே வையுங்கள், பலன் கூடுதல்.

பிற்சேர்க்கை: படி 1-ஐப் படித்துவிட்டு சேனல் 100-க்குப் போன ஒருவர், "வைஃபை பெயரே காணவில்லை" என்று கேட்டிருந்தார். விட்டுவிட்டேன், மன்னிக்கவும். ரேடார் நிபந்தனை உள்ள சேனலில் ரவுட்டர் பேசும் முன் 60 விநாடி சும்மா கேட்க வேண்டும். ஐரோப்பாவில் மேலே சொன்ன வானிலை ரேடார் பகுதிக்கு, அதாவது 120, 124, 128 சேனல்களுக்கு, 10 நிமிடம். சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் என்று (அதாவது நான்கு சேனல்களைச் சேர்த்து) வைத்திருந்தால் 116-ஐத் தேர்ந்தெடுத்தாலும் அகலம் 128 வரை நீண்டு அந்தப் பத்து நிமிடத்துக்குள் மாட்டிக்கொள்ளும். 100-ல் வைத்தால் அகலம் 112-லேயே முடிந்துவிடும், ஒரு நிமிடக் காத்திருப்போடு சரி.