எஸ்.ஏ.டி. ஸ்கோரைக் கல்லூரிக்கு அனுப்புவது எப்படி? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முதல்முறை விண்ணப்பிக்கிறவர்கள் பலரும், அந்தக் கல்லூரிகள் சேர்க்கைக்குப் பார்க்கும் எஸ்.ஏ.டி. தேர்வின் ஸ்கோர் வந்த அன்றே பட்டியலில் இருக்கும் எல்லாக் கல்லூரிக்கும் பணம் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் கட்டணம், பல இடங்களில் அந்தச் செலவு அப்போது தேவையே இல்லை.

படி 1: கல்லூரியின் விதியைப் பாருங்கள்

அந்தந்தக் கல்லூரியின் அட்மிஷன் பக்கத்திலேயே பாருங்கள், வேறு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் கோவிட் காலத்தில் தளர்த்திய விதிகளைப் பல கல்லூரிகள் திரும்ப இறுக்கிவிட்டன. எம்.ஐ.டி. 2022-இல் ஸ்கோரை மறுபடி கட்டாயமாக்கியது, ஹார்வர்டு 2024-இல். சில இடங்களில் ஸ்கோரை அனுப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். யூ.சி. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ. மாதிரி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளைகளில் சேர்க்கை முடிவுக்கு எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை, சேர்க்கைக்காக அங்கே அனுப்பி ஒரு பயனும் கிடையாது.

படி 2: நீங்களே எழுதினால் போதுமா?

நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். எம்.ஐ.டி. உட்படப் பல கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது ஸ்கோரை நீங்களே படிவத்தில் நிரப்பினால் போதும், இடம் கிடைத்து நீங்கள் சேர்வது உறுதியான பிறகுதான் அதிகாரபூர்வ ரிப்போர்ட் கேட்பார்கள். பத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் ஒரே கல்லூரியோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு எண்கூட மாறக் கூடாது. பின்னால் வரும் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் கிடைத்த இடமே பறிபோகலாம், அதனால் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து நிரப்புங்கள்.

படி 3: எந்தத் தேர்வை அனுப்புவது?

ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் எந்தத் தேதியின் ஸ்கோர் போக வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், இதற்கு ஸ்கோர் சாய்ஸ் என்று பெயர். ஒரு தேதியின் கணக்கு மதிப்பெண்ணை மட்டும் பிரித்து அனுப்ப முடியாது, தேர்ந்தெடுத்தால் அந்தத் தேதி முழுசாகப் போகும்.

சரி, நல்ல தேதி ஒன்றை மட்டும் அனுப்பினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சூப்பர்ஸ்கோர் வருகிறது, அதாவது ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் தேதியில் அதிகமோ அதை எடுத்துக் கூட்டுவது. உதாரணமாக, மார்ச்சில் மொழிப் பகுதியில் 680, கணக்கில் 720, மொத்தம் 1400. ஆகஸ்டில் மொழி 730, கணக்கு 690, மொத்தம் 1420. ஆகஸ்டை மட்டும் அனுப்பினால் 1420-தான். இரண்டையும் அனுப்பினால், சூப்பர்ஸ்கோர் பார்க்கும் கல்லூரி 730-ஐயும் 720-ஐயும் சேர்த்து 1450 என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஜார்ஜ்டவுன் மாதிரி எழுதிய எல்லாத் தேர்வின் ஸ்கோரையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு, அங்கே ஸ்கோர் சாய்ஸ் செல்லாது.

படி 4: இலவச ரிப்போர்ட்

தேர்வுக்குப் பதிவு செய்தால் நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம், தேர்வு முடிந்து ஒன்பது நாள் வரை பெயர்களைச் சேர்க்கலாம், மாற்றலாம். ஸ்கோர் வருவதோ அதற்குப் பிறகு. அதாவது மதிப்பெண் தெரியாமலேயே அனுப்புகிறீர்கள். எல்லா ஸ்கோரையும் கேட்கும் கல்லூரி, ஸ்கோர் கட்டாயமான கல்லூரி என்றால் இலவசத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். விருப்பம் உங்களுடையது என்று சொல்லும் கல்லூரிக்கு நான் அனுப்பச் சொல்ல மாட்டேன், ஸ்கோர் குறைவாக வந்தால் சொல்லாமல் விடும் வாய்ப்பை நீங்களே இழந்துவிடுவீர்கள்.

படி 5: அனுப்புவது

எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, ஸ்கோர் அனுப்பும் பக்கத்தில் கல்லூரியைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டினால் முடிந்தது. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் நான்கு இலக்கக் குறியீட்டைச் சரிபாருங்கள். எஸ்.ஏ.டி. மாதிரியே இன்னொரு தேர்வான ஏ.சி.டி.க்கு வேறு குறியீடு, எம்.ஐ.டி.க்கு எஸ்.ஏ.டி.யில் 3514, ஏ.சி.டி.யில் 1858. ஏ.சி.டி. ரிப்போர்ட்டை அதை நடத்தும் அமைப்பின் தளத்திலிருந்துதான் அனுப்ப வேண்டும், காலேஜ் போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயர் விஷயத்தில் கவனம். தேர்வில் வெறும் இனிஷியல், விண்ணப்பத்தில் விரித்து எழுதிய அப்பா பெயர் என்று இருந்தால் ரிப்போர்ட் உங்கள் கோப்போடு சேராமல் தனியாகக் கிடக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதையே இரண்டிலும் எழுதுங்கள், பிறந்த தேதியும் மின்னஞ்சலும்கூட ஒன்றாகவே இருக்கட்டும்.

படி 6: போய்ச் சேர்ந்ததா?

ரிப்போர்ட் போய்ச் சேர ஓரிரு வாரம் ஆகலாம், கல்லூரி அதைக் கோப்பில் ஏற்ற மேலும் சில நாட்கள், எனவே கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். விண்ணப்பித்ததும் கல்லூரி தரும் போர்ட்டலில் ஸ்கோர் வந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்தும் வரவில்லை என்றே காட்டினால், இன்னொரு முறை பணம் கட்டாமல், அனுப்பியதற்கான ரசீதை இணைத்து அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், தேடி எடுத்துச் சேர்ப்பார்கள்.